மவ்ஸிம்: காற்றும் பிறையும் வகுத்த விழாக்கள்

கொடைக்கானல் மலையில் சித்திரை, வைகாசி மாதங்களுக்கு மக்கள் வழங்கும் பெயர் 'சீசன்'. பள்ளங்கியிலும் வில்பட்டியிலும் காய்கறி விளைவிப்போரும், ஏரிக்கரையில் கடை வைத்திருப்போரும் இந்த ஒரு சொல்லை இரண்டு பொருளில் ஆள்கின்றனர். சமவெளி வெயிலில் காயும்போது மலையில் நிலவும் இதமான குளிர் ஒரு பொருள். அதை நாடி ஏறிவரும் மக்கள் திரள், பிரையண்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சி, கோடை விழா ஆகியவை மற்றொரு பொருள். வானிலையின் பெயரே விழாவின் பெயராகவும் ஆகிவிட்டது.

அரபு மொழியில் இதற்கு ஈடான சொல் 'மவ்ஸிம்'. அடையாளமிடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இச்சொல், ஆண்டில் குறிக்கப்பட்ட ஒரு காலத்தைச் சுட்டும். அறுவடைக் காலமும் மவ்ஸிம். மரக்கலங்கள் பாய் விரிக்கும் காலமும் மவ்ஸிம். ஹஜ்ஜுக்காக மக்கள் திரளும் நாட்களும் மவ்ஸிம். ஊர்கூடும் சந்தையும் திருவிழாவும் மவ்ஸிமே. மொராக்கோவில் ஊர்த் திருவிழாக்களுக்கு இன்றும் இதுவே பெயர். இந்தியப் பெருங்கடலில் அரபு மாலுமிகளின் வாயிலிருந்து இச்சொல்லைக் கேட்ட போர்த்துக்கீசியர் அதைத் தம் நாவுக்கேற்பத் திரித்தனர். அவர்களிடமிருந்து ஆங்கிலம் பெற்றதே 'மான்சூன்'. நாம் பருவக்காற்று என்று மொழிபெயர்த்துக்கொண்ட சொல்லின் வரலாறு இதுதான்.

பருவமும் விழாவும் ஒரே சொல்லில் அடங்குவது மொழியின் தற்செயல் விளையாட்டா, அல்லது வாழ்க்கையின் ஓர் உண்மையா? இவ்வினாவை ஆராய இலங்கைத் தீவைவிடப் பொருத்தமான களம் அரிது. இரண்டு பருவக்காற்றுகள் மாறி மாறி ஆளும் சிறு நிலப்பரப்பு அது. பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர் ஆகிய நால்வரின் விழாக்களும் அங்கே ஒரே மழையை எதிர்கொள்கின்றன. அந்த நால்வருள் முஸ்லிம்களின் பெருநாட்கள் மட்டும் எந்தப் பருவத்திலும் நிலைகொள்வதில்லை. இடத்தைச் சார்ந்த விழாக்களை மழை நிர்ணயிக்கிறது; பிறையைச் சார்ந்த விழாக்கள் மழையினூடே நடந்து செல்கின்றன. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் ஒருங்கே பேணிய மக்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

பருவத்திலிருந்து விடுபட்ட பெருநாள்

இஸ்லாத்திற்கு முற்பட்ட அரேபியாவில் ஹஜ்ஜும் சந்தையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. உக்காழ் போன்ற சந்தைகள் கூடி முடிந்த பின்னரே மக்கள் மக்காவை நோக்கி நகர்ந்தனர். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆதலால் ஹஜ்ஜு மாதம் ஆண்டுதோறும் பின்னோக்கி நகர்ந்து, விளைபொருளும் தோலும் விற்பனைக்குத் தயாராக இல்லாத காலத்தில் வந்து நின்றது. இதைத் தவிர்க்க அரபுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாதத்தைப் பிற்படுத்தும் முறையைக் கைக்கொண்டனர் என்று அல்பீரூனி கி.பி. 1000 அளவில் எழுதிய 'அல்ஆஸாருல் பாக்கியா' நூலில் விளக்குகிறார். 'நஸீஉ' எனப்பட்ட அம்முறையால் விழா வணிகப் பருவத்தோடு கட்டப்பட்டிருந்தது.

அந்தக் கட்டைத் திருக்குர்ஆன் அவிழ்த்தது. மாதங்கள் பன்னிரண்டே என அறுதியிடும் ஸூரத்துத் தவ்பாவின் 36ஆம் வசனமும், நஸீஉவைக் கண்டிக்கும் 37ஆம் வசனமும் இவ்வகையில் புகழ்பெற்றவை. இதனால் ரமளானும் ஹஜ்ஜும் எந்த நாட்டின் அறுவடைக்கும், எந்தக் கடலின் காற்றுக்கும் உரியவை அல்லாமல் ஆயின. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் அவை எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வருகின்றன. உயர் அட்சரேகை நாடுகளில் வாழ்வோர்க்கு இதன் நன்மை வெளிப்படை. கோடையின் நீண்ட பகலில் நோன்பு நோற்றவர் தம் வாழ்நாளிலேயே குளிர்காலத்தின் குறுகிய பகலிலும் நோற்பார். நிலநடுக்கோட்டை ஒட்டிய இலங்கையிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அங்கு நோன்பாளி உணரும் மாற்றம் பகலின் நீளத்தில் இல்லை. மழையிலும் வெப்பத்திலும்தான் இருக்கிறது.

பெருநாளைப் பருவத்திலிருந்து விடுவித்த அதே திருமறை, பருவத்தை மறுக்கவில்லை. குறைஷிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் ஓர் அருட்கொடையாக நினைவூட்டும் ஸூரத்து குறைஷ் அதற்குச் சான்று. வணிகன் காற்றைப் பார்த்துப் புறப்படலாம். உழவன் மழையைப் பார்த்து விதைக்கலாம். வழிபாடு மட்டும் பிறையைப் பார்த்து நடக்கட்டும் என்பதே இங்கு உருவான ஒழுங்கு.

மாலுமியின் நாட்கணக்கும் உழவனின் பசலியும்

இவ்வொழுங்கு நடைமுறையில் எவ்வாறு செயற்பட்டது என்பதைக் கடல்நூல்கள் காட்டுகின்றன. ஜுல்பாரில் பிறந்த மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் ஹிஜ்ரி 895 அளவில் (கி.பி. 1490) நிறைவு செய்த 'கிதாபுல் ஃபவாயித்' நூலும், அடுத்த தலைமுறையில் சுலைமான் அல்மஹ்ரி எழுதிய நூல்களும் மரக்கலங்கள் புறப்பட வேண்டிய நாட்களைக் குறிக்கின்றன. அந்நாட்கள் ஹிஜ்ரி மாதங்களில் தரப்படவில்லை. பாரசீகப் புத்தாண்டாகிய நைரூஸ் தொடங்கி இத்தனையாம் நாள் என 365 நாள் கணக்கில் தரப்பட்டுள்ளன. காற்று சூரியனைப் பின்பற்றுகிறது. ஆகவே மாலுமியும் சூரியனைப் பின்பற்றினான். அதே மாலுமி கப்பலின் மேல்தளத்தில் நின்று பிறை பார்த்து நோன்பைத் தொடங்கினான்.

உழவிலும் வரி வசூலிலும் இதே தேவை எழுந்தது. அறுவடைக்கு முன் வரி கேட்க முடியாது. சந்திர ஆண்டோ அறுவடையோடு ஒட்டி நடக்காது. எனவே முகலாயர் ஆட்சியில் ஹிஜ்ரி எண்ணிலிருந்து கிளைத்துச் சூரிய ஆண்டாக நடக்கும் ஒரு கணக்கு பிறந்தது. பருவம், விளைச்சல் எனப் பொருள்படும் 'ஃபஸ்ல்' என்னும் அரபுச் சொல்லே அதன் பெயர். தமிழக வருவாய்த் துறையின் 'பசலி' ஆண்டு அதுதான். ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் 30இல் முடியும் பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. பழனி மலைச் சிற்றூர்களின் நிலக்கணக்குகளிலும் இந்த ஆண்டே எழுதப்படுகிறது. பயிரைப் பதியும் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் ஹிஜ்ரியின் ஒரு கிளை, மழையோடு இசைந்து வாழக் கற்றுக்கொண்டு, சமய வேறுபாடின்றி எல்லா உழவரின் காலக்கணக்காகவும் நிலைத்துவிட்டது.

இரு காற்றும் இரு மலையும்

இனி இலங்கையின் வானிலையைக் காண்போம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றும் அங்கு வீசுகின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடியோடு கூடிய மழை பொழியும். தீவின் நடுவே மத்திய மலைநாடு மதில்போல் நிற்கிறது. தென்மேற்குக் காற்று கொணரும் ஈரத்தை மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று வறண்டு வீசுகிறது. வடகிழக்குக் காற்றின் காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. மேற்குச் சரிவின் சில பகுதிகளில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்ட, தென்கிழக்கிலும் வடமேற்கிலும் 900 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெய்யும் இடங்கள் உண்டு.

இத்தீவின் தமிழ் பேசும் மக்கள் காற்றுகளுக்கு இட்ட பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மலையைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் வெப்பமாக வீசுவது கச்சான். மேற்குக் கரை மீனவர்கள் சோளகக் காலத்தில் கொந்தளிக்கும் தம் கடலை விட்டு, அமைதியான கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வர். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் நாளன்று விண்ணில் ஏறும் பட்டங்கள் வாடைக்காற்றின் விழா. கொழும்பு காலிமுகத் திடலில் ஆகஸ்டில் ஏறும் பட்டங்களோ தென்மேற்குக் காற்றை நம்பியவை. ஒரே விளையாட்டு, காற்று மாறுவதால் ஆறு மாத இடைவெளியில் இரு கரைகளில் நிகழ்கிறது.

பழனி மலைத்தொடரிலும் இத்தகைய மழை மறைவு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீளும் இம்மலை, தென்மேற்குக் காற்றின் முழு வேகத்தையும் பெறுவதில்லை. கொடைக்கானலில் மழை மிகுவது அக்டோபர், நவம்பர் மாதங்களில். வடக்கு அடிவாரத்துப் பழனி வறண்ட சமவெளியைச் சேர்ந்தது. இப்பருவக்காற்று பொய்த்ததன் விளைவே 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம். மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்விக்குச் சூரியனில் விடை இருக்கலாம் என அக்கால அறிவியலார் எண்ணினர். அவ்வெண்ணத்தின் பயனாக 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டு, 1901இல் உற்றுநோக்கல் பணிகள் தொடங்கின. பருவக்காற்றின் புதிருக்குச் சூரியப் புள்ளிகள் முழு விடை தரவில்லை. பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதைப் பின்னர் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர் கண்டறிந்து 1924இல் அதற்குப் பெயரிட்டார். எல் நினோ பற்றிய இன்றைய அறிவுக்கு அதுவே முன்னோடி. மாலுமிகள் நாள் எண்ணி அறிந்ததை அறிவியல் காரணம் தேடி அறிய முயன்ற வரலாற்றில் இம்மலைக்கும் இடமுண்டு.

பாவா ஆதம் மலையின் பருவம்

இலங்கையில் பருவமே விழாவாகும் இடம், 2243 மீட்டர் உயரமுள்ள பாவா ஆதம் மலை. அதன் உச்சியிலுள்ள பாறைச் சுவடு ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களுடையது என முஸ்லிம்கள் வழிவழியாக நம்பி வந்துள்ளனர். பௌத்தர்க்கு அது புத்தரின் ஸ்ரீபாதம், இந்துக்களுக்குச் சிவனொளிபாதம், கிறித்தவருள் சிலர் அதைத் தூய தோமையாரோடு இணைப்பர். கி.பி. 851இல் தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் அரபு நூலே இம்மலையையும் சுவட்டையும் குறிப்பிடுகிறது.

நால்வகைச் சமயத்தாரும் ஒரே காலத்தில் ஏறுகின்றனர் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. டிசம்பர் மாதத்து உந்துவப் பௌர்ணமியில் பருவம் தொடங்கும். பெல்மதுளையிலுள்ள விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவம் ஊர்வலமாக மலையுச்சிக்கு எடுத்துச் செல்லப்படும். மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு பருவம் முடிந்து, திருவுருவம் கீழே இறங்கும். இந்த எல்லைகளைச் சமயம் அறிவிக்கிறது, வகுத்ததோ வானம். மேற்குச் சரிவின் மேல் நிற்கும் இம்மலைக்கு வடகிழக்குக் காற்றின் காலம் தெளிந்த காலம். மே மாத இறுதியில் சோளகம் எழுந்துவிட்டால் மழையும் மூடுபனியும் பெருங்காற்றும் படிகளை ஆபத்தானவையாக்கும். எச்சமயத்தவரானாலும் மழைக்கு முன் இறங்கியாக வேண்டும். சமயங்களின் சட்டம் ஒன்றல்ல. வானத்தின் சட்டம் ஒன்றே.

இப்பருவத்திற்குப் புறம்பே ஏறியவர் ஒருவரின் குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பது நற்பேறு. இப்னு பதூதா ஹிஜ்ரி 745 ரபீஉல் ஆகிர் நடுவில், அதாவது கி.பி. 1344 ஆகஸ்ட் இறுதியில், மாலத்தீவிலிருந்து மஅபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்டார். போக எண்ணிய கரைக்குப் பதிலாக அவர் கண்டது சரந்தீபின் மலை. வானில் எழும் புகைத் தூண்போல் அது கடலிலிருந்து தோன்றியது என்கிறார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். வேண்டுவது யாதென மன்னர் கேட்க, ஆதமின் சுவட்டைக் காண்பது ஒன்றே என்றார் பயணி. ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வர், அந்தணர் மூவர், அரசவையைச் சேர்ந்தோர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் என ஒரு கூட்டத்தையே மன்னர் துணைக்கு அனுப்பினார். பாரசீகமும் அறிந்த ஒரு தமிழ் மன்னரின் ஆதரவில், யோகியரும் அந்தணரும் வழிகாட்ட, மொராக்கோ நாட்டு முஸ்லிம் ஒருவர் மலையேறினார்.

அவர் எழுதியவற்றில் வானிலையின் தடயங்கள் உண்டு. ஈரமான காட்டில் புல்லிலும் மரத்திலும் இருந்து மனிதர் மேல் பாயும் அட்டைகளையும், அவற்றை விலக்க மக்கள் எலுமிச்சைச் சாறு பிழிவதையும் அவர் விவரிக்கிறார். உச்சியிலிருந்து நோக்கியபோது மேகங்கள் தமக்குக் கீழே திரண்டு அடிவாரத்தை மறைத்தன என்கிறார். தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியில் அம்மலை எப்படி இருக்குமோ அப்படியே இருந்திருக்கிறது. பாவா வழி, மாமா வழி என இரு பாதைகள். செங்குத்தான இடங்களில் பற்றி ஏறுவதற்குச் சங்கிலிகள். கிழ்ரு (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் குகையில் மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் சுவட்டைக் காணும் வழக்கம் ஆகியவையும் அவர் வாயிலாகவே தெரிய வருகின்றன. முஸ்லிம்களுக்கு இவ்வழியைத் திறந்தவர் ஷீராஸைச் சேர்ந்த ஷைகு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (ரஹ்) என்றும் அவர் பதிவு செய்கிறார்.

காற்றுக்காகக் காத்திருந்த காலம் வேறொரு பயனையும் தந்தது. வந்த காற்று திரும்பும் காற்றாக மாறும்வரை வணிகர் துறைமுகத்தில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. தங்கியவர் மணமுடித்தனர், பள்ளிவாசல் எழுப்பினர். பேருவளை, காலி, கொழும்பு முதலான இலங்கைத் துறைகளிலும், காயல்பட்டினம், கீழக்கரை முதலான தமிழகத் துறைகளிலும் முஸ்லிம் ஊர்கள் வளர்ந்ததில் இக்காத்திருப்புக்குப் பெரும் பங்குண்டு. அவ்வுலகின் இயல்பைக் காட்டும் கல்லொன்று 1911இல் காலியில் கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட அக்கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தேனவரை நாயனாருக்கும், பாரசீக வாசகம் அல்லாஹ்வின் பெயருக்கும் உரிய காணிக்கைகளைக் குறிக்கின்றன. மூன்று மொழியினரும் ஒரே மவ்ஸிமில் வந்து சேர்ந்தவர்கள்.

கதிர்காமமும் பழனியும்

பாவா ஆதம் மலையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ளது கதிர்காமம். மலைப் பருவம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கு ஆடிவேல் பெருவிழா நடைபெறுகிறது. மேற்கில் மழை கொட்டும்போது மலைமதிலின் மறுபுறம் அமைந்த கதிர்காமம் வறண்டிருக்கும். மாணிக்க கங்கையில் நீர் தாழ்ந்து மணல் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுத் திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கிழக்குக் கரையோரமாகவே நடந்துவரும் அடியார்கள், ஆறுகள் வற்றிய இக்காலத்தில்தான் உகந்தையைக் கடந்து காட்டுவழி செல்ல முடியும். கார்த்திகையில் அதே வழி வெள்ளக்காடு.

அவ்விழாவில் முஸ்லிம்களுக்கும் இடமுண்டு. கோயில் வளாகத்தை ஒட்டிய பள்ளிவாசலில் கொடியேற்றம் நிகழும். பாவாக்கள் கூடி ரிஃபாயி ராத்திபு ஓதுவர். கதிர்காமம் என்ற பெயரையே கிழ்ரு (அலை) அவர்களோடு இணைத்துக் கூறும் மரபும் முஸ்லிம்களிடையே உண்டு. ஆண்டின் பிற நாட்களில் பிறையைப் பின்பற்றும் இப்பாவாக்கள், இங்கு மட்டும் ஆடி மாதத்தைப் பின்பற்றுகின்றனர். காரணம் எளிது: இது இடத்தைச் சார்ந்த விழா.

பழனியை இதனோடு ஒப்பிட்டால் உண்மை மேலும் துலங்கும். இரண்டும் முருகன் தலங்களே. ஆயினும் பழனிக்குப் பாதயாத்திரை மிகுவது தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அறுவடை முடிந்து, வழிகள் காய்ந்த பின்னரே செட்டிநாட்டு நகரத்தார் காவடிகளும் கொங்கு நாட்டு உழவர் கூட்டங்களும் நடக்கத் தொடங்குகின்றன. தெய்வம் ஒன்று, மொழி ஒன்று. மழை வேறு, ஆதலால் மாதமும் வேறு. சித்திரைப் புத்தாண்டு, கண்டி எசல பெரஹரா, நல்லூர்த் திருவிழா, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பாக்கு நீரிணை அமைதியுறும்போது கூடும் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா என எதை எடுத்துக்கொண்டாலும் அதன் பின்னே ஓர் அறுவடையோ, ஓர் ஓய்ந்த மழையோ, வேண்டப்படும் ஒரு மழையோ இருக்கக் காணலாம்.

கொடைக்கானலின் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இவ்விரு நிலங்களையும் இணைக்கும் ஒரு கண்ணி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியின் பெயர் தாங்கிய இக்கோயிலை 1936இல் எழுப்பியவர் லீலாவதி இராமநாதன். ஆஸ்திரேலியாவில் பிறந்த இவர், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. அந்த இராமநாதனே, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என 1888இல் கட்டுரை படித்து, முஸ்லிம்களிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியவர். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். இனம் எது, வேர் எது என்ற அவ்வழக்கு சட்டசபைப் பிரதிநிதித்துவத்தோடு தொடர்புடையது. இன்றும் அது முற்றாக ஓயவில்லை. ஆனால் அவ்வழக்கின் இரு தரப்பாரும் சோளகம் வாடை என ஒரே காற்றை ஒரே பெயரால் அழைத்தவர்கள் என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறையோடு நகரும் விழாக்கள்

முஸ்லிம்களின் பிற விழாக்கள் வேறு இயல்பின. நாகூர் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நடைபெறும். கிழக்கிலங்கையின் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும் அவர் பெயரால் கொடியேற்றம் உண்டு. கந்தூரியின் மார்க்க நிலை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பது அறிந்ததே. இங்கு நாம் காண்பது அதன் காலக்கணக்கை மட்டும். 1990 டிசம்பரில் வடகிழக்கு மழையின் நடுவே வந்த அம்மாதம், 2004இல் ஜூலை வெயிலில் வந்தது; 2023இல் மீண்டும் டிசம்பருக்குத் திரும்பியது. முப்பத்து மூன்றாண்டுச் சுழற்சி ஒன்று அதில் நிறைவுற்றது. பலாங்கொடை அருகே கூரகலைக் குன்றிலுள்ள தஃப்தர் ஜைலானியில் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் நினைவாக ரபீஉல் ஆகிரில் கூடும் கூட்டமும் இவ்வாறே சில ஆண்டுகள் தெளிந்த வானத்தின் கீழும், சில ஆண்டுகள் மழையிலும் கூடியிருக்கிறது.

பருவத்திலிருந்து விடுபட்ட இக்கணக்கிலும் மழைக்கு ஒரு சிறு பங்கு உண்டு. பிறை மேகத்தில் மறைந்தால் மாதத்தை முப்பதாக நிறைவு செய்வது நபிவழி. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடும் இரவில் தீவெங்கும் வானம் மூடியிருந்தால், பெருநாளை ஒருநாள் தள்ளி வைப்பது பருவக்காற்றுதான்.

நகரும் விழா நிலைத்த விழாவோடு அவ்வப்போது சந்திக்கிறது. 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. இத்தகைய சந்திப்பு சில ஆண்டுகள் நீடித்து விலகும். மூன்று பத்தாண்டுகள் கழித்து மீண்டும் நிகழும். பருவத்தோடு கட்டப்பட்ட இரு விழாக்கள் தம் இடைவெளியை ஏறக்குறைய மாற்றுவதில்லை. பிறையின் விழாவோ எல்லா அண்டை வீட்டாரின் விழாக்களையும் ஒருமுறையேனும் சந்தித்துவிட்டுத்தான் சுற்றை முடிக்கிறது.

இன்று நினைவிற்கொள்ள வேண்டியது

இத்தனை நூற்றாண்டு ஒழுங்கு இன்று இரு முனைகளில் சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. முதலாவது, இடத்தின் மீதான உரிமை வழக்கு. கூரகலையில் தொல்லியல் காரணங்களைச் சுட்டி 2013இல் முஸ்லிம் தலத்தைச் சார்ந்த சில கட்டடங்கள் அகற்றப்பட்டன. 2022இல் அரசின் வெசாக் விழா அக்குன்றில் நடந்தது. ஒரு குன்றில் முதலில் யார் இருந்தார் என்ற கேள்வியை அகழாய்வு ஆராயட்டும். இன்று யார் ஏறலாம் என்ற கேள்விக்கு அது விடையாகாது. ஆரியச் சக்கரவர்த்தி தம் விருந்தினரிடம் அம்மலை யாருடையது என்று வாதிடவில்லை. வழி அறிந்தவர்களைத் துணைக்கு அனுப்பினார். அம்மரபின் தகுதி அதில்தான் உள்ளது.

இரண்டாவது, வானத்தின் மாற்றம். 2016 மே மாதம் வெசாக் பௌர்ணமிக்கு நான்கு நாட்களுக்கு முன் அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். கொழும்பின் புறநகர்கள் களனி கங்கை வெள்ளத்தில் மூழ்கின. வெப்பமடையும் பெருங்கடலின் மேல் பெருமழை அடர்ந்து பொழியும் போக்கு தெற்காசியாவெங்கும் அறியப்பட்டுள்ளது. பருவத்தின் எல்லை குலைந்தால், அவ்வெல்லையின் மேல் கட்டப்பட்ட விழாக்களின் ஒழுங்கும் குலையும். மலைப்படிகளில் நிற்பவர் எச்சமயத்தவர் என்று மழை கேட்பதில்லை.

காற்று எல்லோருக்கும் பொது என்பதால் பருவமும் எல்லோருக்கும் பொது. பருவம் பொது என்பதால்தான் மலையும் வழியும் பொதுவாயின. நைரூஸ் எண்ணிக் கடலோடிப் பிறை பார்த்து நோன்பிருந்தவர்களும், ஆடியில் கதிர்காமத்தில் கொடியேற்றி ரபீஉல் ஆகிரில் ஜைலானியில் கூடியவர்களும் தம் அடையாளத்தை இழக்காமலேயே அந்தப் பொதுமைக்குள் வாழ்ந்தனர். அடையாளமிடப்பட்ட காலம் என்பதே மவ்ஸிமின் வேர்ப்பொருள். அந்த அடையாளத்தை முதலில் இட்டது மனிதக் கை அன்று. மழையையும் காற்றையும் அனுப்புபவனின் கை அது.